யோகன் அண்ணை கேட்ட சனிக்கிழமை

தொலைபேசி அடித்தபோது மகளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்தேன். எடுத்தால், என்னோடு ஒரே அணியில் விளையாடிய மாலா.

"ஜெயந்தி, யோகன் அண்ணை மோசம் போயிட்டார்."

"ஆர், அவரின்ரை அப்பாவோ?"

நாற்பத்துநான்கு வயது மனிதரைப் பற்றி வேறு எப்படிக் கேட்பது?

"இல்லையடி, அவர்தான் செத்துப்போனார். இண்டைக்குக் காலமை கிரவுண்டிலை, கோலுக்கு வலை கட்டிக்கொண்டு நிண்டவர், அப்பிடியே விழுந்திட்டாராம்."

கரண்டியை மகள் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு நான் என்ன சொன்னேன் என்று இன்றுவரை நினைவுக்கு வரவில்லை.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலர் அவரிடம் விளையாடியவர்கள். லண்டனில் எங்கள் சிறிய பல்கலைக்கழகத்தில் அவர் பௌதிக ஆய்வுகூட உதவியாளர். எண்பதுகளின் கடைசியில், பெண்களுக்கும் ஓர் உதைபந்தாட்ட அணி வேண்டும் என்று நாங்கள் நின்றபோது, பயிற்றுவிக்க வந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஓடப் பயம் என்றேன்.

"அப்ப கோலுக்கை நில்லும் தங்கச்சி. பந்து உம்மைத் தேடி வரும். பயம் போகாது, பயந்துகொண்டே பாயும்."

குரோய்டனில் நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? மாலா என்னிடம் திருப்பித் தட்டிய பந்து மெல்ல உருண்டு வந்தது. கோட்டுக்கு வெளியிலிருந்து அண்ணை "விடு!" என்று கத்தினார். நான் நல்ல பிள்ளையாக விலகி விட்டேன். பந்து கோலுக்குள் போய்விட்டது. அடித்து விடச் சொன்னாராம்! எதிரணி கைதட்டிச் சிரித்தது. அறிக்கைத் தாளில் சேம் சைட் கோல் போட்டவர் என்ற இடத்தில் அவர் தன் பெயரை எழுதினார். "லண்டனிலை தமிழிலை கத்தக்கூடாது. கத்தினாலும் அரைவாசியிலை நிப்பாட்டக்கூடாது" என்றார்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் இறந்த சனிக்கிழமைக்கு முந்திய புதன்கிழமை அவர் என்னை அழைத்தார். "சனி காலமை கிரவுண்டிலை பெட்டையளின்ரை பயிற்சியை ஒருக்காப் பார்க்க ஏலுமோ? எனக்கு ஒரு அலுவல் கிடக்கு."

"ஏலாது அண்ணை, பிள்ளைக்குக் காய்ச்சல்."

"ஐயோ, அப்ப பிள்ளையைப் பாரும்."

காய்ச்சல் திங்கட்கிழமையே விட்டிருந்தது. வெளியே குளிர்காற்று. திரும்பவும் காய்ச்சல் வந்துவிடுமோ என்ற பயத்தில் அப்படிச் சொன்னேன்.

ஹவுன்ஸ்லோவில் செத்த வீடு. அவருடைய மனைவி வசந்தி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நெஞ்சு நோகுது எண்டு சனிக்கிழமை டொக்டரிட்டைப் போக இருந்தவர். கிரவுண்டுக்கு ஆள் கிடைக்கேல்லை எண்டு விட்டிட்டார்."

எந்த ஆள் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. "பிள்ளை சுகமோ?" என்று அவரே கேட்டார். தலையாட்டினேன்.

அக்கா, நீங்களும் இதை வாசிப்பீர்கள். அந்த ஆள் நான்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கவில்லை.

அவருடைய பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் கேட்டு நான் கொடுக்காத ஒரு சனிக்கிழமை இருக்கிறது. அதைத்தான் வைத்திருக்கிறேன்.