பாலியஸ்டர் ஆகாத வெள்ளிக்கிழமை

நான் எழுதிய ஒரே உருப்படியான ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பக்கத்தில், இணையத்தில் ஒரு வண்ண வட்டம் இருக்கும். அதற்குள் ஓர் எண். அந்தக் கட்டுரையைப் பற்றிப் பொதுவெளியில் எவ்வளவு பேசுகிறார்கள் என்பதற்கான மதிப்பெண் அது. எனக்கு இரண்டு. ஒன்று நான் போட்ட பதிவு, இன்னொன்று என் வீட்டுக்காரர் போட்டது. அதற்கே அவரை மூன்று நாள் நச்சரிக்க வேண்டியிருந்தது.

விருதுநகரில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். பதவி உயர்வுப் படிவத்தில் அந்த வருடம் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது: ‘ஆய்வு பெற்ற இணையக் கவனமும் சமூகத் தாக்கமும்’. அதில் இரண்டு என்று எழுதக் கை வரவில்லை.

கட்டுரையின் விஷயம் எளிமையானது. நம்மூர் வறண்ட காற்றில் பாலியஸ்டர் சேலை உரசினால் எவ்வளவு மின்சாரம் சேரும், பட்டாசு மருந்து பற்றிக்கொள்ள அது போதுமா என்று அளந்தேன். போதும். பருத்திதான் உடுத்த வேண்டும் என்று பட்டாசுக் கம்பெனிகளில் போர்டே உண்டு. அதன் கீழே நின்றுதான் பாலியஸ்டர் முந்தானையை உதறிச் செருகுவார்கள். அளப்பதற்குச் சேலை தந்து உதவியவர், ஏழாயிரம்பண்ணையில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் மருந்து அறையில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. கருவியின் முள் எகிறியதைக் காட்டினேன். “ஆத்தாடி, என் சேலைக்கு இம்புட்டு பவரா?” என்று பெருமையாகச் சிரித்தார். மறுநாளும் அதே சேலை. “தொவச்சா அரை மணியில காயிதே டீச்சர், காட்டன் காயுமா?” என்றார். அந்த அக்காவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் அன்றைக்கு எனக்குள் வந்து உட்கார்ந்தது.

மதிப்பெண்ணைப் பற்றி, சிவகாசியில் அச்சகம் நடத்தும் மாமனாரிடம் புலம்பினேன்.

“வாட்ஸப்புல சொந்தக்காரவுக அம்புட்டு பேருக்கும் அனுப்புனோமேம்மா?”

“அது சேராது மாமா.”

“அது சேராதுன்னா பெறகு என்ன எழவ அளக்காக?” என்றவர், கொஞ்சம் யோசித்து, “நம்ம தினசரிக் காலண்டர்ல ஒரு தாளு தாரேன். தொங்காத வீடு கெடையாது” என்றார்.

பங்குனியில் ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்கினார். நான் எழுதிக் கொடுத்தது நான்கு வரி. காலண்டர் தாளில் நான்கு வரிக்கு ஏது இடம்? வெட்டிக் குறைத்ததில், அச்சாகி வந்த தாளில் இப்படி இருந்தது: ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம் மேற்கு. அதற்கடுத்து, ‘பாலியஸ்டர் சேலை ஆகாது’. ஓரத்தில் கட்டுரைக்கான க்யூஆர் கோடு.

அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் எங்கு திரும்பினாலும் காட்டன். எங்கள் துறைத் தலைவர், சாமியையும் நம்பாதவர், பேயையும் நம்பாதவர். அவரும் கஞ்சி போட்ட காட்டன் மொடமொடக்க வந்திருந்தார். கேட்டதற்கு, “எதுக்கு வம்பு?” என்றார். சனிக்கிழமை காலையில் ஊரே மறுபடி பாலியஸ்டருக்குத் திரும்பிவிட்டது.

அதற்குள் யாரோ ஒருவர் அந்தத் தாளைப் படம் பிடித்து, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து, கட்டுரையின் லிங்க்கையும் சேர்த்து, ‘மூடநம்பிக்கைக்கு ஓர் அளவில்லையா?’ என்று இணையத்தில் போட்டிருந்தார். பற்றிக்கொண்டது. ஒரு ஜோதிடர் வந்து, வெள்ளி சுக்கிரனுக்கு உரிய நாள், தாள் சொல்வது சரிதான் என்று எனக்காக வாதாடினார். இரு தரப்பும் மாறி மாறி லிங்க்கைப் போட்டுத் திட்டிக்கொண்டார்கள். கட்டுரையை ஒருவரும் படித்ததாகத் தெரியவில்லை. அந்த மதிப்பெண்ணுக்குப் பாராட்டும் ஒன்றுதான், வசவும் ஒன்றுதான். இரண்டு என்பது மூன்று இலக்கமானது. வெட்கமே இல்லாமல் மகிழ்ந்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதவி உயர்வு நேர்முகத்துக்குப் போன அன்று காலை, அறைக்கு வெளியே காத்திருந்தபோது ஏழாயிரம்பண்ணை அக்கா போனில் வந்தார்.

“டீச்சர், வேன் வரப்போவுது. இன்னைக்குத் தாளுல சேலையப் பத்தி ஒண்ணும் போடலையே, பாலியஸ்டர் கட்டிக்கிடலாம்ல?”

“அந்த வெள்ளிக்கிழமை என்ன கட்டுனீங்கக்கா?”

“காட்டன்தான். தாளுல போட்டபெறகு மீறுவேனா?”

எனக்குச் சுருக்கென்றது. முள்ளைக் காட்டினேன், கணக்கைச் சொன்னேன், சிரித்தார். ராகு காலத்துக்கு அடியில் போட்டதும் கேட்டார், அதுவும் ஒரே ஒரு நாள். நான் மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு இங்கே உட்கார்ந்திருக்கிறேன், அவர் அந்தச் சேலையோடு மருந்து அறைக்குப் போகப் போகிறார். என் மேலேயே ஆத்திரம் வந்தது. படித்த இயற்பியலையெல்லாம் ஓரமாக வைத்தேன்.

“அக்கா, உங்க ராசி என்ன?”

“கடகம்.”

“கடகத்துக்குப் பாலியஸ்டர் ஆயுசுக்கும் ஆகாதுக்கா.”

“இத மொதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா டீச்சர்? இத்தன வருசமா இந்தக் கருமத்தக் கட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன். இருங்க, மாத்திட்டு வந்துருதேன்.” பிறகு, “இங்கன பக்கத்து வீட்டுக்காரி நிக்கா. எங்கூடத்தான் வேல பாக்கா. அவளுக்குச் சிம்மம். அவளுக்கு எப்பிடி?”

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு ராசிக்கும் பலன் சொல்லி முடித்துவிட்டுத்தான் போனேன்.