தானா சுத்துற பின்பெடல்

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பார்வதிபுரம் முக்குல ஒரு ஏட்டு என்னை மறிச்சாரு.

விளக்கில்லாமப் போனேனா? இல்ல. கார்பைடு விளக்கு கல்யாண ஊர்கோலம் மாதிரி எரியுது. லைசென்ஸ் வில்லை இல்லையா? அதும் தொங்குது. பின்ன என்ன குத்தம்?

"பின்னால இருந்த ஆள எங்கலே போட்டுட்டு வாற?"

"ஆளே இல்ல ஏட்டையா."

"ஆளில்லாம பெடல் சுத்துமாலே? நான் கண்ணால பாத்தேன். எவளாவது ரோட்டுல விழுந்து கெடக்கப் போறா... திரும்பிப் போயி பாரு!"

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நம்ம வண்டி அப்படி. ஒரே சைக்கிள்ல ரெண்டு சீட்டு, ரெண்டு ஹேண்டில்பார், நாலு பெடல். இங்கிலீஷ்ல டாண்டம்னு சொல்லுவாவ. கோட்டாத்துல எல்லாரும் ரெட்டைவண்டின்னுதான் சொல்லுதாவ. முன்பெடலயும் பின்பெடலயும் ஒரு செயின் கட்டிப் போட்டிருக்கு. நான் முன்னால மிதிச்சா பின்பெடலும் சேந்து சுத்தும். ஆளிருந்தாலும் சுத்தும், இல்லாட்டாலும் சுத்தும்.

எனக்கே சில நேரம் திரும்பிப் பாக்கத் தோணும்.

ஏட்டுக்கு நான் என்ன பதில் சொன்னேன்? அது கடைசியில. மொதல்ல இந்த எளவு வண்டி எதுக்குன்னு சொல்லணும்லா?

எங்க வீட்டுக்காரி ஞானபாய். கல்யாணமாகி ஒரு நெல்லறுப்புகூட முடியல, அதுக்குள்ள வாத்திச்சி டிரெயினிங்குக்கு திருவனந்தபுரத்துல எடம் கெடச்சுப் போயிட்டா. நான்தான் பெட்டி தூக்கிக்கிட்டு பஸ் ஏத்திவிட்டேன். பி.ஏ. படிச்சவன்... பொண்டாட்டி படிக்கப் போறத தடுக்க முடியுமா? ஜம்பமா கைய ஆட்டுனேன். பஸ் திரும்பின பொறவு, ஆட்டுன கைய எங்க வைக்கதுன்னு தெரியல.

மாசத்துக்கு ஒருக்க வந்து போ-ன்னு கடுதாசி போட்டேன். வரலன்னுட்டா. "பஸ்ஸுல ஏறுனா வாந்தி வருது அத்தான். தக்கலை தாண்டுததுக்குள்ள கொடலே வெளிய வந்துரும். பெரிய லீவுக்கு வாறேன்."

பெரிய லீவா! அதுக்கு எத்தன மாசம் கெடக்கு!

சரி, பஸ்தானே வில்லன்? பஸ் இல்லாமக் கூட்டிட்டு வந்தா? அவளுக்கு சைக்கிள் விடத் தெரியாது. டாண்டம்னா பின்னால உக்காந்து மிதிச்சாப் போதும், பேலன்ஸ் பண்ணுததும் திருப்புததும் என் பாடு. நாப்பது மைலுக்கு மேல சரல் ரோடு. நடுவுல மார்த்தாண்டத்துல அவ சித்தி வீடு இருக்கு, ராத்திரி அங்க தங்கிக்கலாம். மாசாமாசம் எங்க வீட்டு அடுப்படியில அவ சத்தம் கேக்கும். பிளான் கொள்ளாம்லா, நல்லாத்தானே இருக்கு?

கோட்டாத்துல மீரான் காக்கா சைக்கிள் கடைக்கு ஓடுனேன். இந்தப் பத்திரிகையில நம்ம பத்திய வாராவாரம் படிக்கவங்களுக்கு காக்காவத் தெரியும். தெரியாதவங்களுக்கு... வாய் கோட்டாறு சந்தை நீளம், வேலை அதுல பாதி நீளம்.

"ஓய் பி.ஏ.! ரெண்டு பேரு ஏற வண்டியா? வில்வண்டி வாங்கும்வே. மாடாவது மிச்சம்."

"உம்மால முடியுமா முடியாதா காக்கா?"

"முடியாதா? நான் கப்பலுக்கே பெடல் வைப்பேன்!"

வச்சாரு. ஒரு ஆம்பள சைக்கிள், ஒரு லேடீஸ் சைக்கிள். ரெண்டயும் அறுத்து, முன்னது முதுகுல பின்னதக் கொண்டு வந்து பித்தளை வச்சு ஊதி ஒட்டுனாரு. பின்பக்கம் லேடீஸ் பிரேம், சேலையோட காலெடுத்து வைக்கணும்லா. மொத வெள்ளோட்டம் கொட்டாரத்துக்கு. பின்னால காக்காவே உக்காந்தாரு. கொட்டாரம் கடைத்தெரு நடுவுல ஒட்டு விட்டு, வண்டி இடுப்பொடிஞ்சு அப்படியே குனிஞ்சு கும்பிட்டுச்சு. நாங்க ரெண்டு பேரும் ஒரு வாழைக்குலைக் கடைக்குள்ள.

"வண்டிக்கு மரியாத தெரியுது பாத்தீரா?"ன்னாரு காக்கா, தொலிய தட்டிவிட்டுக்கிட்டே.

பொறவு குறுக்க ஒரு இரும்புக்குழாய் குடுத்தாச்சு. சரல்ல டயர் கிழியாம இருக்க உள்ள பழைய டயர வெட்டி ஒரு வாரு. பின்வீல்ல கூடுதல் ஸ்போக்ஸ். எறக்கத்துல ரெண்டு பிரேக் காணாதுன்னு, மாட்டுவண்டிக்குப் போடுவாவள்லா, அந்த மாதிரி ஒரு மரக்கட்டை பிரேக்கு. சேலை வீல்ல சிக்காம இருக்க குளச்சல்ல மீன்வலை கட்டுற ஒருத்தர்கிட்ட சொல்லி பின்வீல் ரெண்டு பக்கமும் வலை பின்னி வாங்குனேன். "இதுல என்ன மீன் புடிக்கப் போறிய தம்பி?"ன்னு கேட்டாரு.

பின் ஹேண்டில்பார்ல ஒரு பெல்லும் வச்சேன். அந்த ஹேண்டில்பார் திரும்பாது. சும்மா புடிச்சுக்கத்தான். ஆளுக்கு ஒரு அதிகாரம் வேண்டாமா? ஒரு மணி அடிச்சா பைய போ, ரெண்டு மணின்னா நில்லு. காத்துல பேச்சு கேக்காதுல்லா.

எல்லாம் ஆச்சு. சீட்டு உயரம்?

"அவங்க கால் அளவு வேணும்வே"ன்னாரு காக்கா. "இடுப்புல இருந்து குதிங்கால் வரைக்கும். அளவில்லாம வச்சா முட்டு போயிரும்."

பொண்டாட்டி கால் நீளம் எவனுக்குத் தெரியும்? உங்களுக்குத் தெரியுமா? நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க. எனக்கு அவ சிரிப்பு தெரியும், தும்மல் தெரியும், கோவம் வந்தா எந்தப் பாத்திரம் மொதல்ல உருளும்னு தெரியும். நீளம் தெரியல.

அங்கதான் இந்த பி.ஏ. மூளை வேலை செஞ்சுது. ஒரு அஞ்சல் கார்டு எடுத்து எழுதுனேன்: 'உன் காலை இடுப்பிலிருந்து குதிங்கால் வரை அளந்து உடனே அனுப்பவும். அவசரம்.'

கார்டு. மூடாத கார்டு. லேடீஸ் ஹாஸ்டலுக்கு. அங்க வர்ற, போற கடுதாசி எல்லாத்தயும் மொதல்ல வார்டனம்மா படிப்பாவ!

அவ்வளவுதான். அந்த நாளோட என் கையெழுத்துல போற எதுவும் ஞானபாய் கைக்குப் போவல. 'இப்படிப்பட்ட புருசனும் உண்டுமா'ன்னு ஹாஸ்டலே வாயில கைய வச்சிருக்கு, சங்கதி அவ காதுக்கும் எட்டியிருக்கு. ஆனா நம்ம ஆளு லேசுப்பட்டவளா? கொஞ்ச நாள்ல அம்மைக்கு ஒரு பார்சல் வந்துது. உள்ள கையால பின்னுன லேஸ், நீளமா ஒரே துண்டு. கடுதாசி ஒண்ணும் இல்ல.

நாகர்கோவில் பக்கம் எங்க கிறிஸ்தவ வீடுகள்ல லேஸ் வந்தா என்ன செய்வாவ? எங்க அம்மை அதத்தான் செஞ்சா. "மருமவ சர்ச்சுக்கு அனுப்பியிருக்கா!"ன்னு பூரிச்சுப்போயி, வெந்நியில போட்டுக் கசக்கி, கஞ்சி போட்டு, பிரசங்கபீடத் துணிக்கு அஞ்சாறு துண்டா வெட்டித் தச்சுட்டா. அடுத்த ஞாயித்துக்கிழமை அத்தன பொம்பளையளும் தொட்டுத்தொட்டுப் பாத்தாவ.

பொறவு அம்மைக்கு வந்த கடுதாசியில கடைசி வரி: 'லேசின் நீளம் அவர்களுக்குச் சரியாக இருந்ததா?'

எனக்கு அப்பதான் உறைச்சுது. லேஸ்தான் கால்!

மத்தியானம் ஆளில்லாத நேரம் பாத்து, காக்கா கடை டேப்ப எடுத்துக்கிட்டு சர்ச்சுக்குள்ள நுழைஞ்சேன். பீடத்து முன்னால முழங்கால் போட்டு ஒவ்வொரு துண்டா அளந்து கூட்டுதேன். பின்னால செருமல். உபதேசியார்.

"என்னலே செய்ய?"

"பொண்டாட்டி கால அளக்கேன் உபதேசியாரே."

அந்த மனுசன் என்னையப் பாத்தாரு, பீடத்தப் பாத்தாரு. "பிள்ளை தனியா இருந்து புத்தி பேதலிச்சிருக்கு. ஜெபம் பண்ணுவோம்"ன்னு அங்கயே கண்ண மூடிட்டாரு. நானும் மூடுனேன். வேற வழி?

சீட்டு ஏறிச்சு. ஓண லீவும் வந்துது. சொல்லி அனுப்ப வழியில்ல. அம்மை கடுதாசியில எழுதலாம்னா, 'ரோட்டுல விழுந்து சாவதுக்கு நான் துணை போவணுமா'ன்னு கைய விரிச்சுட்டா. சரி, நேராப் போயி நிப்போம்னு வெள்ளிக்கிழமை விடியக் கெளம்பிட்டேன்.

ரெட்டைவண்டிய ஒத்தையில ஓட்டிப் பாத்திருக்கியளா? பின்னால கனம் இல்லாததுனால சரல்ல தெறிக்கும், வாலு ஆடும். காலுக்கு ரெண்டாள் கனம். ஆனா எனக்கு அது ஒண்ணும் தெரியல. வரும்போது ரெண்டு பேருல்லா? ஒவ்வொரு ஏத்தத்துலயும், இங்க அவளும் சேந்து மிதிப்பா. ஒவ்வொரு எறக்கத்துலயும், இங்க ரெண்டு மணி அடிப்பா. குழித்துறை ஆத்துப்பக்கம், இங்க எறங்கி மொகம் கழுவுவா... வழியெல்லாம் அவள ஏத்திக்கிட்டேதான் போனேன்.

சனிக்கிழமை ஹாஸ்டல் கேட்டுல போயி நின்னேன், தலையெல்லாம் செம்மண்ணு. ஞானபாய் வந்தா. வண்டியப் பாத்தா. என்னப் பாத்தா. பொறவு வலையத் தொட்டுப் பாத்தா.

வார்டனம்மா பின்னாலயே வந்தாவ. "இதுதானா அந்தக் காலளவு?"ன்னாவ. சிரிச்ச மாதிரிதான் தெரிஞ்சுது. "சாயங்காலம் பெல் அடிக்கும் முன்ன இங்க இருக்கணும்."

ஏறி உக்காந்தா. முட்டு ரெண்டும் மேல மடங்கி நிக்குது. சீட்டு தாழ்ச்ச!

"மாமி லேச வெந்நியில போட்டாங்களா?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நூலு சுருங்கும் அத்தான். பி.ஏ.-யில சொல்லித் தரலயா?"

ஸ்பேனர எடுத்து ரெண்டு வெரக்கடை ஏத்துனேன். இப்ப சரி. காலு நீளமா, அழகா, கீழ் பெடல எட்டிச்சு.

போனோம்யா! ரெண்டாளு மிதிச்சா அந்த வண்டி என்ன போக்கு போவுது தெரியுமா? ஏத்தமே ஏத்தமா இல்ல. ரோட்டுல போறவன் நிக்கான், சன்னலெல்லாம் தெறக்குது. அவ பின்னால இருந்து, "நாப்பது மைலும் உங்க முதுகத்தான் பாக்கணுமா? சட்டையாவது வெளுத்துப் போட்டுருக்கலாம்!"ங்கா. டிங் டிங் டிங்.

"மூணு மணி எதுக்கு? அது கணக்குல இல்லயே!"

"சும்மா."

ஒரு மாமரத்து நெழல்ல நிப்பாட்டுனோம். "நாளைக்கு விடியக் கெளம்பலாம். ராத்திரி சித்தி வீடு"ன்னேன்.

அவ வலையில ஒரு முடிச்ச நகத்தால நெருடிக்கிட்டே இருந்தா. "லீவு முடிஞ்ச மறுநாளே நான் கிளாஸ் எடுக்கணும் அத்தான். இன்ஸ்பெக்டர் வாறாரு."

"சரி, இந்த மாசம் வேண்டாம். அடுத்த மாசம் வாறேன். பொறவு மாசாமாசம். இனிதான் பஸ்ஸு இல்லியே?"

"பஸ்ஸுல எனக்கு வாந்தியே வராது."

"என்னது?"

"மாசாமாசம் வந்தா மாசாமாசம் திரும்பிப் போவணும்லா? மொதத் தடவையே நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீங்க கைய ஆட்டிக்கிட்டு ஜம்பமா நின்னிய. நான் களியக்காவிளை வரைக்கும் அழுதேன். அதுலதான் வாந்தி. ஒரே தடவையாப் போயிட்டேன், ஒரே தடவையா வந்துருதேன். மார்ச் கடைசியில வண்டியக் கொண்டு வாங்க. இதுலதான் வருவேன்."

இரும்ப அறுத்தேன், ஒட்டுனேன், பிரேக்கு வச்சேன், வலை கட்டுனேன். தூரத்துக்கு மருந்து தூரத்தக் கொறைக்கதுதான்னு நெனச்சேன். சில பேருக்கு அது நோயக் கூட்டுற மருந்து போல.

பெல் அடிக்குமுன்ன கேட்டுல விட்டேன். எறங்கி, சீட்ட ஒரு தட்டு தட்டிட்டு, "இத எறக்கிராதிய"ன்னு சொல்லிட்டு உள்ள போனா.

திரும்பி வரும்போது வண்டி ஒரே ஆட்டம். சரல்ல அதிருதுல்லா, பின்பெல்லு தானா அடிக்கி. ஒண்ணா, ரெண்டா, மூணான்னு கணக்கே இல்ல. பின்பெடல் ரெண்டும் சுத்திக்கிட்டே வருது. பாறசாலைப் பக்கம் ஒரு தடவ நெசமாவே நிப்பாட்டித் திரும்பிப் பாத்துட்டேன். யாருகிட்டயும் சொல்லிராதிய.

அப்படி வந்த என்னத்தான் அந்த ஏட்டு மறிச்சது.

"ஆளு விழல ஏட்டையா. மார்ச்சுல வருவா"ன்னேன்.

அவரு வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. கேசும் எழுதல, கிண்டலும் பண்ணல. "அதுவரைக்கும் எவனையாவது பின்னால ஏத்திக்கிட்டுப் போலே. ஒத்தையில ஆடுதுல்லா வண்டி?"

"ஆடட்டும் ஏட்டையா."