கொண்டைக்குருவியின் முகம்

அந்தப் போட்டோக்காரரிடம் போய் முகத்தைக் காட்டாமல் தப்பித்தவர் யாரும் இல்லை. அரசு அலுவலகத்துக்கு எதிரே அவர் கடை. பாஸ்போர்ட் அளவுப் படம்தான் பிழைப்பு. முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளச் சொல்வார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொல்வார். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க... இன்னும்... ரொம்ப இறங்கிட்டீங்க, என் மேல என்ன கோவம்?" என்பார். எதிரே இருப்பவர் சிரிப்பதற்குள் படம் விழுந்திருக்கும். காலர் கிழிந்திருந்தால் கம்ப்யூட்டரில் வேறு காலர் வைத்துவிடுவார். கோட்டு இல்லாதவருக்குக் கோட்டு. மழையில் தொப்பலாக நனைந்து வந்த ஒருவருக்குத் தலையையே காயவைத்துக் கொடுத்திருக்கிறார். கம்ப்யூட்டருக்குள் போய்விட்டால் சரிசெய்ய முடியாதது எதுவும் இல்லை என்பது அவர் எண்ணம்.

அவர் மனைவிக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை. ஓடுகிற பெல்ட்டின் ஓரமாக நின்று உடைந்ததையும் கருகியதையும் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தால் அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவாள். ஆனால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொண்டது குறைவுதான். காலையில் அவசரம், ராத்திரி தூக்கக் கலக்கம். மகள் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போன பிறகும் அதே ஓட்டம்.

கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறி அவள் காலை உடைத்துக்கொண்டாள். அதோடு ஓட்டம் நின்றது. தொடை வரை மாவுக்கட்டு. கட்டிலைப் பின்னறை ஜன்னலோரமாக இழுத்துப் போட்டார்கள். வெளியே ஒரு மதில், மதிலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு ஆள் நடக்கிற சந்து, சந்தில் ஒரு செம்பருத்தி. வேறு காட்சி கிடையாது.

"இந்தச் சுவரையே பாத்துட்டு இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்ங்க," என்றாள்.

கடையில் சும்மா கிடந்த நீள லென்ஸை அவர் கேமராவோடு வீட்டுக்குக் கொண்டுவந்தார். காலையில் கடை திறக்கப் போகும் முன் ஜன்னல் கம்பிக்கு நடுவே அதை நீட்டி, மதிலுக்கு வருகிற பறவைகளைப் படம் எடுத்து அவள் மடியில் வைத்துக் காட்டுவார். பறவைகளிடமும் கடைப் பேச்சுதான். "இந்தப் பக்கம் பாருங்க... ஆ, அப்படியே." தேன்சிட்டு நின்றால்தானே? மைனா நேராகவே பார்க்காது.

"கள்ளக் கையெழுத்துப் போட வந்தவன் மாதிரி முழிக்குது பாரு."

"பாவம், நீங்க மிரட்டினா அது என்ன பண்ணும்?"

காகம்தான் நல்ல வாடிக்கையாளர். நிமிர்ந்து உட்கார்ந்து லென்ஸை உற்றுப் பார்க்கும். அதற்கு ஆபீசர் என்று பேர் வைத்தார்கள்.

கொண்டைக்குருவியை முதலில் பார்த்தது அவள். கறுத்த தலை, உச்சியில் படியாத முடி, வாலுக்கு அடியில் ஒரு சிவப்பு. மெல்லிய குச்சிகளைக் கவ்விக்கொண்டு செம்பருத்திக்குள் போய்ப்போய் வந்தது. கிண்ணம்போல ஒரு கூடு உருவாகி, பிறகு ஒரு நாள் அது உள்ளே உட்கார்ந்துவிட்டது. கட்டிலிலிருந்து பார்த்தால் மேலே தூக்கிய வால் மட்டும் தெரியும். மற்றதையெல்லாம் இலை மறைத்திருந்தது.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறியது. கதவை அறையக் கூடாது. பாத்திரத்தை மெதுவாக வைக்க வேண்டும்.

"குக்கர் விசில் அதுக்குப் பிடிக்கலைங்க."

"அதுக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான். ரெண்டு பேரும் எந்திரிக்க முடியாம உக்காந்திருக்கோம்ல."

ஒரு நாள் காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுச் சும்மாதான் சொன்னாள். "இத்தனை நாளா பக்கத்துலயே இருக்கா. வாலைத்தான் பாக்குறேன். ஒரு தடவை முகத்தைப் பாத்தா நல்லா இருக்கும்."

அவள் அதைச் சொல்லிவிட்டு மறந்துவிட்டாள். அவரால் மறக்க முடியவில்லை. அவளுக்கென்று இதுவரை எதைச் செய்து கொடுத்தோம் என்று யோசித்தால், சட்டென்று ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. முகம் வேண்டும் என்கிறாள். முகம்தானே நம் தொழில்?

மதியம் சாப்பாட்டுக்கு வந்தபோது அவள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். குருவியும் இரை தேடப் போயிருந்தது. அவர் கத்தரிக்கோலோடு பின்சந்துக்குப் போனார். குறுக்கே நின்ற கிளைகளை வெட்டிச் சுவரோரம் போட்டார். கூட்டுக்குப் பின்னால் நின்ற இன்னொன்றை வளைத்து, கடையில் திரைச்சீலை மாட்டுகிற கிளிப்பால் பிடித்து நிறுத்தினார். கூட்டுக்குள் புள்ளி போட்ட முட்டைகள் தெரிந்தன. "ஒரு நிமிஷம், முடிஞ்சிடும்," என்று அவற்றிடமும் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

குருவி வந்தது. கூட்டின் விளிம்பில் நின்றது. திரும்பி நேராகப் பார்த்தது. அவர் அழுத்தினார். அடுத்த நொடி அது பறந்துவிட்டது.

அவளை எழுப்பிக் கேமராவை மடியில் வைத்தார்.

"அடேயப்பா, இவ்வளவு அழகா இவ?" அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "கண்ணுக்குள்ள வெளிச்சம்கூட தெரியுதுங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அவள் விரல் நின்றுவிட்டது.

"பின்னாடி சுவர் தெரியுதே."

"ஆமா."

"அங்க எப்படிச் சுவர் தெரியும்? இலைல்ல இருக்கும்." ஜன்னல் பக்கம் திரும்பினாள். "என்ன பண்ணீங்க?"

"கொஞ்சம் ஒதுக்கினேன்."

"ஒதுக்கினீங்களா, வெட்டினீங்களா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அது என்ன, எங்கயாவது அப்ளிகேஷன் போடப் போகுதா? முகம் தெரியலைன்னு திருப்பி அனுப்பிருவாங்களா?"

வேறு நாளாக இருந்தால் அவர் சிரித்திருப்பார். திறந்து கிடந்த கூட்டின் மேல் உச்சி வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது. குருவி மதிலுக்கு வந்து கத்தியது. கூடு வரைக்கும் பறந்து, உட்காராமல் திரும்பியது. மறுபடி வந்தது, மறுபடி போனது. கொஞ்ச நேரத்தில் ஆபீசரும் மதிலில் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்துச் செம்பருத்திக்குள் பார்த்தது. அவள் கை தட்டி அதை விரட்டினாள். காகத்தோடு குருவியும் பறந்தது.

"ஏதாவது பண்ணுங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது.

என்ன பண்ணுவது? கம்ப்யூட்டராக இருந்தால் இந்தப் பக்கத்து இலையை எடுத்து அந்தப் பக்கம் ஒட்டிவிடலாம். வெட்டின கிளைகள் சுவரோரத்தில் அதற்குள் துவள ஆரம்பித்திருந்தன.

"தண்ணியில வைங்க," என்றாள் அவளே. "பூக்கடையில வைப்பாங்கல்ல, அது மாதிரி. பாட்டிலை மரத்தோட கட்டிருங்க."

காலுக்கு வாங்கி மிஞ்சியிருந்த கட்டுத்துணியால் தண்ணீர் பாட்டிலைச் செம்பருத்தித் தண்டோடு சேர்த்துக் கட்டினார். கிளைகளை அதில் செருகினார். கிளிப்பை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஜன்னலுக்குள்ளிருந்து உத்தரவு வந்தது. "இடது பக்கம் சாய்ச்சு வைங்க... இன்னும்... ஐயோ, ரொம்ப இறக்கிட்டீங்க. ஆங். அதைத் தொடாதீங்க. உள்ள வாங்க."

உள்ளே வந்ததும் கண்ணாடி ஜன்னலைச் சாத்தச் சொன்னாள்.

"திரையையுமா?"

"திரையையும்தான். நாம பாக்குறதே அதுக்குத் தொந்தரவு."

அவளுக்கு இருந்ததே அந்த ஒரு ஜன்னல்தான். அவர் தயங்கினார். அவள் கையை ஆட்டினாள். திரையை இழுத்துவிட்டார்.

அவர் கடைக்குப் பக்கத்துக் கடையிலிருந்து போன் வந்தது. யாரோ அவசரமாகப் படம் வேண்டுமென்று வாசலில் நிற்கிறார்களாம். "நாளைக்கு வரச் சொல்லுங்க," என்று வைத்துவிட்டார். மங்கலான அறையில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். எதையும் பார்க்காமல் இப்படி உட்கார்ந்து அவருக்குப் பழக்கமே இல்லை. இத்தனை வருஷமாக எல்லோரையும் முகத்தைக் காட்டு என்று சொல்லியாயிற்று. காட்ட இஷ்டமா என்று ஒருவரையாவது கேட்டிருக்கிறோமா? கேட்டிருந்தால் கடை நடந்திருக்காது என்பது வேறு விஷயம்.

"கோவமா?" என்றார்.

"இருக்கு."

"ரொம்பவா?"

"எனக்காகத்தான் பண்ணீங்கன்னு தெரியுது. அதனாலதான் ரொம்ப."

அவர் அவளுடைய மாவுக்கட்டின் மேல் கையை வைத்தார். கட்டுக்கு மேல் வைத்தால் அவளுக்குத் தெரியாது என்று பிறகுதான் உறைத்தது. கையை எடுத்துப் பாதத்தில் வைத்தார். அவள் தொழிற்சாலைக் கதை ஒன்றைச் சொன்னாள். மேற்பார்வையாளர் கண் அசந்த நேரம் பார்த்து, உடைந்த பிஸ்கட்டெல்லாம் யார் யார் பைக்குள் போகும் என்பது. அவர் கேட்டிராத கதை. நடுநடுவே இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெளியே சத்தம் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

வெயில் இறங்கிய பிறகு, "ஒரு விரல் அளவுக்கு," என்றாள்.

அவர் திரையை நகர்த்தினார். அவர் நின்ற இடத்திலிருந்து வெளியே எதுவும் தெரியாது. அவள் முகம்தான் தெரிந்தது. உதட்டை அழுத்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தார். உதடு மெல்லத் தளர்ந்தது.

"வால் தெரியுது," என்றாள், காற்றுபோன்ற குரலில்.

"நானும் பாக்கட்டுமா?"

"நாளைக்கு. இப்போ உக்காந்திருக்கட்டும்."

அவர் திரையை மூடினார்.

மறுநாள் குருவி இரை தேடப் போன சமயம் பார்த்து அவள் கையைக் காட்டினாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சந்துக்குள் போய், கிளை அசையாமல் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தார்.