வளைவில் ஒரு வெள்ளைக்கல்

எனக்கு மாலைக்கண் வந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. விளக்கு வைத்த பிறகு அவள் தண்ணீர்ச் செம்பை நீட்டினால் நான் காற்றைப் பிடித்தேனாம். அன்றிலிருந்து தினமும் பொன்னாங்கண்ணிக் கீரைதான். தின்று தின்று வெறுத்துப்போனதே தவிர, கண் அப்படியேதான் இருந்தது.

அப்போது கிள்ளானுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைக்கு மோட்டார் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவரைக் கோலாலம்பூருக்குக் கூட்டிப்போய், இருட்டிய பின் திரும்ப அழைத்துவர வேண்டும். மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறை. அதில் நான், மனைவி, மூன்று பிள்ளைகள். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலையும் போகும், அறையும் போகும். அதனால் நான் வாயே திறக்கவில்லை.

இருட்டைக்கூடச் சமாளித்துவிடலாம். எதிரே வருகிற வெளிச்சம்தான் சனியன். மாட்டுவண்டி லாந்தர் பாவம், ஒன்றும் செய்யாது. புதிதாக வந்த லோரிகள் இரண்டு விளக்கையும் மூஞ்சியில் அடித்துக்கொண்டு வரும். கடந்து போன பின் ரோடே இருக்காது. அதற்காக, தூரத்தில் வெளிச்சம் தெரிந்ததுமே வலக்கண்ணை மூடிக்கொள்வேன், இடக்கண் அடி வாங்கட்டும் என்று. லோரி போனதும் வலக்கண்ணைத் திறந்து, ஓரத்துப் புல்லைப் பார்த்தே ஓட்டுவேன்.

தோட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அங்கே புல்லும் கிடையாது, ஓரத்தில் ஆழமான கால்வாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தோட்டக் கூலிகள் குடியிருக்கும் லயத்துச் சுவர்களுக்கு அடித்து மிச்சமிருந்த சுண்ணாம்பை வாளியில் எடுத்துப்போய், அந்த வளைவில் கிடந்த கல்லுக்குப் பூசிவிட்டு வந்தேன். அன்று இரவே பளிச்சென்று தெரிந்தது. அதை ஒட்டித் திருப்பினால் போதும். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன், போங்கள்!

நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரோட்டோரத்தில் ஒரு கல் திடீரென்று வெள்ளையாக நின்றால் அது முனீஸ்வரன்தான். முதலில் குங்குமம் வந்தது. பிறகு சூலம், எலுமிச்சம்பழம், வெள்ளிக்கிழமை விளக்கு. "அது சாமி இல்லை, எனக்குக் கண் தெரியாததற்கு அடித்த சுண்ணாம்பு" என்று யாரிடம் போய்ச் சொல்வது? நானும் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. ஏழு ஏழரை இருக்கும், துரை பின்னால் உட்கார்ந்திருந்தார். வளைவுக்கு முன்னால் ஒரு லோரி வந்து கண்ணைப் பறித்துவிட்டுப் போனது. வலக்கண்ணைத் திறந்து வெள்ளையைத் தேடினேன். தெரிந்தது. அதை ஒட்டித் திருப்பினேன்.

கல் நகராது. அந்த வெள்ளை நகர்ந்தது.

அன்று சாயங்காலம்தான் கல்லுக்கு மஞ்சள் பூசிச் சிவப்புத் துணி சுற்றியிருந்தார்கள். நான் வெள்ளையென்று பார்த்தது, விளக்கேற்றிவிட்டுப் பின்வாங்கிய ஒரு பெண்ணின் தலைத்துணியை. எங்கள் தோட்டத்தில் ரப்பர் பாலுக்கு மரம் சீவுகிறவள். மோட்டார் அவளை அடித்துவிட்டுச் சூலத்தில் மோதி நின்றது. முன்கண்ணாடி நொறுங்கி என் மடியில் கொட்டியது.

எனக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தி, துரையே ஓட்ட, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அவள்தான் ரோட்டுக்குள் வந்தாள் என்று போலீஸிடம் துரை சொன்னார். அறைக்கு வந்து மனைவி வைத்த சோற்றைச் சாப்பிட்டேன். கீரையையும் மிச்சம் வைக்கவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே அவள் காலை எடுத்துவிட்டார்கள். நான்காம் நாள் பார்க்கப் போனேன். அவள் புருஷன் எழுந்து எனக்கு முக்காலியைத் தள்ளினான்.

"ஒங்க மேல குத்தமில்லண்ணே. முனி காவு கேட்டிருச்சு. உசுர எடுக்காம கால மட்டும் எடுத்துக்கிட்டு விட்டுச்சே."

நான் தலையாட்டினேன். சொல்லிவிடலாம் என்றுதான் போயிருந்தேன். அவன் தள்ளிய முக்காலியில் உட்கார்ந்தேன்.

அவள் மெல்லக் கண் திறந்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள்.

"கண்ணாடி ஒடஞ்சு சிதறுச்சே அண்ணே. ஒங்க கண்ணுல ஒண்ணும் படலியே?"

"இல்லம்மா. கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அப்பாடா" என்று அவள் மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள்.