நாலு கிலோமீட்டர் காட்டு ரோடு

சின்ன வயதில் லீவு என்றாலே அனிதாவுக்கு முதலில் வருவது பயம்தான். சந்தோஷம் அதற்கப்புறம்தான் வரும்.

ஜவளகிரியைத் தாண்டி, காட்டை ஒட்டி நாற்பது வீடுகளோடு இருக்கும் மல்லேதொட்டியில் பிறந்தவள் அவள். ஊருக்கு பஸ் கிடையாது. பஸ் ஏற வேண்டுமென்றால் ஜவளகிரிக்கு நடக்க வேண்டும். நடுவில் நாலு கிலோமீட்டர் காட்டு ரோடு. முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் காலையில் அப்பா தோளில் கேழ்வரகு மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் கையைப் பிடித்துப் புறப்படுவார்.

"வாயே தொறக்கக் கூடாது. இருமல் வந்தாலும் துண்டை வச்சிப் பொத்திக்கணும். நான் நின்னா நீயும் நிக்கணும், தெரியுதா?"

மூங்கில் முறியும் சத்தம் கேட்டால் யானை. பச்சைத் தழையும் சாணமும் கலந்த வாசனை வந்தால் யானை. சில நாள் ஒரு சத்தமும் இருக்காது, ஒரு வாசனையும் இருக்காது. அப்பா மட்டும் நின்றுவிடுவார். அவர் உள்ளங்கை வியர்ப்பது அவள் கைக்குத் தெரியும். அப்படி நிற்கும்போது அவள் மூச்சுக்கூட விட மாட்டாள்.

அந்த ரோட்டைக் கடந்துவிட்டால் அப்புறம் ஓசூர். சித்தி ஜோதிமணியின் வீடு. சித்தப்பா மாடசாமி தென்காசிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். சித்தியும் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை பார்த்தாள். இரண்டாவது மாடியில் ஒற்றை அறை வீடு. சாயங்காலம் மொட்டைமாடியில் நின்றால் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நிற்பது தெரியும். நீலக் கோட்டு போட்ட பெண்கள், கழுத்தில் போட்டோ ஒட்டிய கார்டு தொங்க, பேசிச் சிரித்துக்கொண்டே இறங்குவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் எல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். ஒரு அக்கா பஸ்ஸை விட்டு இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடப்பாள். நாள் முழுக்க நின்ற கால். அனிதா அவர்களைப் பார்ப்பதற்காகவே நாலரை மணிக்கெல்லாம் மாடிக்குப் போய்விடுவாள்.

பன்னிரண்டு வயதில் ஒரு லீவில் சித்தப்பா கேட்டார்: "பெரிய ஆளானா என்னலா ஆவப் போற?"

"கம்பெனிக்குப் போவப் போறேன் சித்தப்பா. நீலக் கோட்டு போட்டுக்கினு."

சித்தி அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "லைன்ல நிக்கறதுக்கா ஆசைப்படற? நின்னு நின்னு எங் காலு வீங்கிக் கெடக்குது பாரு. அந்த லைனை நடத்தற எஞ்சினியரா வர்றேன்னு சொல்லேன். கேக்கறதுக்குக் காசா பணமா?"

அப்படியும் கேட்கலாம் என்று அனிதாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் அடுத்த வருஷம் அவள் எட்டாவது முடித்தபோது, அந்த ரோட்டில் திம்மராயன் என்பவரை யானை அடித்துக் கொன்றுவிட்டது. பக்கத்துத் தெருக்காரர். ஜவளகிரிக்குப் போய் ஒன்பதாவது சேர வேண்டிய பெண்களை எல்லா வீட்டிலும் நிறுத்திவிட்டார்கள். அனிதாவின் அப்பாவும் நிறுத்திவிட்டார். ஓசூர் லீவும் அதோடு போயிற்று. பத்தொன்பது வயதில் அதே ஊர் மாதேஸ்வரனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ராகியும் அவரையும் விளையும் இரண்டு ஏக்கர். பிறகு ஊர் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு உதவியாளர் வேலை கிடைத்தது.

பதினாறு வருஷமாக அந்த ஊரில் எட்டாவது முடிக்கும் பெண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பையன்கள் பத்துப் பேர் சேர்ந்து கூச்சல் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய்விடுவார்கள். பெண்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள். அதைப் பற்றி யாரும் பேசுவதுகூட இல்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் அவள் மகள் பிரவீனா எட்டாவது முடித்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்களிடம் அனிதா ஒருநாள் கேட்டாள், என்ன ஆகப் போகிறீர்கள் என்று. ஒருத்தி தையல் என்றாள். இன்னொருத்தி தெரியாது என்றாள். பிரவீனா, "என்னம்மா ஆவறது? வீட்டுல இருக்கறதுதான்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

மே மாதம் முழுக்க வீடு வீடாக ஏறி இறங்கினாள். "நான் இட்டுக்கினு போயி வுடறேன். சாயந்தரம் நானே இட்டாந்துடறேன். எஞ்சினியராவட்டும், டாக்டராவட்டும், நாம ஏன் அதுங்க ஆசையைக் கொறைக்கணும்?" என்று சொல்லும்போது குரல் தைரியமாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்தால் தம்ளர் பல்லில் இடிக்கும். மாதேஸ்வரன் ஒன்றே ஒன்று கேட்டான்: "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா என்ன பண்ணுவே?" மறுநாளும் அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள்.

செல்வம் வீட்டுக்கு மட்டும் மூன்று தடவை போனாள். செத்துப்போன திம்மராயனின் மகன் அவர். சொந்தமாக டிராக்டர் வைத்திருந்தார். அவர் மகள் சுப்ரியாதான் வகுப்பில் முதல். மூன்றாவது தடவை செல்வம் வாசலிலேயே நிறுத்திவிட்டார். "எங்கப்பனைக் கோணிப்பையில அள்ளிக்கினு வந்தாங்க. நீ அப்ப சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது. போ." அப்புறம் சுப்ரியா இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து, அவள் அம்மா சண்டை போட்டு, எப்படியோ சம்மதித்தார்.

ஜூனில் ஐந்து பெண்களோடு அனிதா நடக்க ஆரம்பித்தாள். அப்பா தனக்குச் சொன்னதையே அவர்களுக்குச் சொன்னாள். பேசக் கூடாது. தான் நின்றால் அவர்களும் நிற்க வேண்டும். யானையைப் பார்த்தால் ஓடவே கூடாது. அப்பாவின் உள்ளங்கை ஏன் வியர்த்தது என்று இப்போது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பி வந்து அடுப்பு பற்றவைக்கும்போதும் சாயங்கால நடையைத்தான் நினைத்துக்கொண்டிருப்பாள். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

நாலாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை. விடிந்தும் பனி விலகவில்லை. முப்பதடிக்கு மேல் ரோடு தெரியவில்லை. சிறு பாலம் இருக்கும் வளைவில் வாசனை வந்தது. அனிதா நின்றாள். பின்னால் ஐந்து பேரும் நின்றார்கள்.

பனிக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. முதலில் பாறை என்றுதான் தோன்றியது. பிறகு அதற்குக் காது விரிந்தது. அதன் காலுக்கிடையில் சின்னதாக இன்னொன்று. குட்டி.

குட்டியோடு நிற்கும் யானை விடாது என்று அந்தப் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அனிதா இரண்டு கையையும் பின்னால் நீட்டிப் பிள்ளைகளைத் தடுத்துக்கொண்டாள். ரோட்டை ஒட்டிய மேட்டில் மாடு ஓட்டிக்கொண்டிருந்த ஊர்க்காரர் திம்மப்பன் பார்த்துவிட்டார். "ஓடபேட! ஓடபேட!" என்று கன்னடத்தில் கத்தினார். ஓடாதே என்று அவர் கத்தியதுதான் வினையாயிற்று. அந்தச் சத்தத்தில் யானை பிளிறியது. சுப்ரியா ஓடிவிட்டாள்.

பையை வீசிவிட்டு, ரோட்டை விட்டு இறங்கி, உண்ணிச்செடிப் புதருக்குள் அவள் ஓடுவது சத்தமாகத்தான் கேட்டது. யானை அந்தப் பக்கம் திரும்பியது. நாலைந்து எட்டு வேகமாக வைத்தது. தரை அதிர்ந்தது. பின்னால் நாலு பெண்கள் அனிதாவின் புடவையைக் கொத்தாகப் பிடித்திருந்தார்கள். அதில் ஒரு கை பிரவீனாவுடையது.

அவள் நகரவில்லை. சுப்ரியாவின் பின்னால் போகவில்லை. கூப்பிடக்கூட இல்லை. அங்கேயே நின்றாள்.

யானை புதரின் ஓரம் வரை போய் நின்றது. தும்பிக்கையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. குட்டி பின்னாலிருந்து சின்னதாகச் சத்தம் கொடுத்தது. என்ன நினைத்ததோ, திரும்பி வந்து குட்டியை முன்னால் தள்ளிக்கொண்டு மறுபக்கம் இறங்கிப் பனிக்குள் போய்விட்டது. எவ்வளவு நேரம் என்று கேட்டால் இன்றுவரை அனிதாவுக்குச் சொல்லத் தெரியாது. திம்மப்பன், இரண்டு நிமிஷம் இருக்கும் என்கிறார்.

சுப்ரியாவைக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட பதிலே வரவில்லை. ஒவ்வொரு புதரை விலக்கும்போதும் எதைப் பார்க்கப் போகிறோம் என்று அனிதாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் ஒரு மண் அரித்த பள்ளத்துக்குள் சுருண்டு கிடந்தாள். உயிர் இருந்தது. இடது கை எலும்பு முறிந்திருந்தது. முகமெல்லாம் முள் கிழித்த கோடு. குரல் வெளியே வரவில்லை.

மறுநாள் மதியம் மாரியம்மன் கோயில் வாசலில் ஊர் கூடியது. இனி பெண்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று அனிதா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். செல்வம் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். சட்டையில் மகளின் ரத்தம் காய்ந்திருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு. எம் பொண்ணு ஓடுனப்ப நீ ஏன் பின்னாடி போவல? உம் பொண்ணு உம் முதுகுக்குப் பின்னாடி இருந்தா. அதனாலதானே?"

அனிதா எழுந்து நின்றாள். முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியலண்ணா. மத்த நாலு பேருக்காவ நின்னேன்னு சொல்லிக்கலாம். எம் பொண்ணுக்காவ நின்னேனோ என்னவோ. பயத்துல காலு வராமத்தான் நின்னேனோ. நெசமா எனக்கே தெரியல. என்ன மன்னிச்சிடுங்க."

உட்காரத்தான் நினைத்தாள். ஆனால் உட்காரவில்லை.

"எழுதிக் குடுக்கச் சொன்னா குடுக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். இருபத்திரண்டு வருசமா நாம என்ன கேட்டோம்? ராகியை மிதிச்சிடுச்சி, நஷ்ட ஈடு குடுங்க. தெருவுக்கு ரெண்டு லைட்டு குடுங்க. இதத் தவிர என்ன கேட்டோம்? இந்த ஊருக்கு ஒரு பஸ்ஸு வேணும்னு ஒரு நாளாவது கேட்டோமா? பொண்ணுங்க எட்டாவதோட நிக்கறதுதான் வழக்கம்னு நாமளே முடிவு பண்ணிக்கினோம். அதுங்களுக்கு என்ன வேணும்னே கேக்கத் தெரியல. நமக்குத் தெரிஞ்சாத்தானே அதுங்களுக்குத் தெரியும்?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "பஸ்ஸு? நாப்பது வூட்டுக்கு பஸ்ஸா?"

"நாப்பது வூட்டுக்குத்தான். ஏன், நாம மனுசங்க இல்லியா?"

செல்வம் கேட்டார்: "பஸ்ஸு வர்ற வரைக்கும்?"

"எனக்கும் பயமாத்தாண்ணா இருக்குது" என்று மட்டும் சொன்னாள். செல்வம் எழுந்து போய்விட்டார். கூட்டம் எதையும் முடிவு செய்யாமலே கலைந்தது.

மூன்று நாள் அனிதா வாசலுக்கு வரவில்லை. பிரவீனா புத்தகப்பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் காலை ஏழரைக்கு வாசலில் டிராக்டர் சத்தம். செல்வம் இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் டிரெய்லரில் வைக்கோல் பரப்பி, பக்கத்துக்கு ஒரு மூங்கில் கட்டியிருந்தது. அனிதா பயந்துகொண்டே கிட்டே போனாள்.

"பிள்ளைங்கள ஏறச் சொல்லு" என்றார். அவள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பன் தனியா போவல, அனிதா. நானும் கூட இருந்தேன். பதினெட்டு வயசு எனக்கு. அப்பா கூப்பிட்டாரு. நான் ஓடிட்டேன். இது எம் பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது." ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீயாவது நின்னே. ஏற்று, நேரமாவுது."

பதினாலு மாதம் அந்த டிராக்டர்தான் போயிற்று, வந்தது. அனிதா தினமும் டிரெய்லரில் நின்றுகொண்டே போனாள். வளைவு வரும்போதெல்லாம் மூங்கிலைப் பிடித்த கை இறுகும். இரண்டு தடவை தூரத்தில் யானைக் கூட்டம் கண்ணில் பட்டது. செல்வம் வண்டியை நிறுத்தி, அவை போகும்வரை காத்திருந்தார். இடையில் பஸ் கேட்டு மனு எழுதி ஊரே கையெழுத்துப் போட்டது. மூன்று திங்கட்கிழமை கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கொடுத்தார்கள். முதல் தடவை ஆறு பேர் போனார்கள். மூன்றாவது தடவை வேன் வைத்துக்கொண்டு முப்பத்தோரு பேர். கோயில் வாசலில் சிரித்தவரும் அதில் இருந்தார்.

போன ஆகஸ்டில் பஸ் வந்தது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. மழைக்காலத்தில் சாயங்கால பஸ் சில நாள் வராது. அன்றைக்கு மறுபடியும் டிராக்டர்தான். ஐந்து பேரில் ஒருத்தியைப் பத்தாவது பாதியிலேயே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அனிதா போய்க் கெஞ்சியும் நடக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் அவளுக்குச் சோறு இறங்காது. பிரவீனாவும் சுப்ரியாவும் பதினொன்றாவது படிக்கிறார்கள். சுப்ரியாவின் இடது கை முழுசாக நீளாது. யானை என்ற வார்த்தையைக் கேட்டாலே இன்னும் முகம் வெளுத்துவிடும். ஆனாலும் கணக்கில் அவளை அடிக்க அந்தப் பள்ளியில் ஆள் இல்லை.

இந்த ஆனி மாதம் காட்டுக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நாலு பெண்கள் அனிதாவைத் தேடி வந்தார்கள். அவர்கள் ஊருக்கும் பஸ் இல்லை. வந்து பேச வேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை செல்வத்தின் டிராக்டரில் போனாள். எழுபது எண்பது பேர் கூடியிருந்தார்கள். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். ஏதாவது சொல்லி, இவர்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்கிற நினைப்புதான் அவளுக்கு முதலில் வந்தது.

பிறகு, "உங்க ஊர்ல எட்டாவது முடிச்ச பொண்ணுங்க எத்தினி பேரு? முன்னாடி வந்து உக்காருங்கம்மா. என்ன ஆவணும்னு ஒவ்வொருத்தியா சொல்லுங்க" என்றாள்.