கடைசிப் பெட்டியில் இருந்த பிழை

எங்கள் ரீச்சர் பிழையாக எழுதி நான் கண்டது ஒரே ஓர் எழுத்தைத்தான். அப்போது நான் நாலாம் வகுப்பு. பிழை பிடிப்பதென்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். கடைப் பலகை, கோயில் நோட்டீசு, கலியாணக் கார்ட் எதையும் விடமாட்டேன். மாமா என்னைச் 'சட்டம்பியார்' என்றுதான் கூப்பிடுவார். பழைய காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார்மாருக்கு எங்கள் பக்கத்தில் அந்தப் பெயர்.

மாமா அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். உரும்பிராய்ச் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் கொம்பியூட்டர் வேலை. ரீச்சரின் கையெழுத்து அச்சுக் குத்தியதுபோல இருக்கும். அதை எழுத்துருவாக்கி, சின்ன வகுப்புகளுக்கு அரிச்சுவடி அட்டை அடித்துக் கொடுக்கப்போவதாகச் சொல்லி, கட்டம் போட்ட தாள்களை என்னிடம் கொடுத்தனுப்பினார். பெட்டிக்கு ஓர் எழுத்து. ஙௌ போல ஒரு சொல்லிலும் வராத எழுத்தைக்கூட விடாமல் எழுதி, ரீச்சர் ஒவ்வொரு தாளாக என்னிடமே திருப்பித் தந்தார்.

எழுத்துரு என்பது வெளியில் சொன்ன காரணம். தைப்பொங்கல் முடிந்த கையோடு மாமா ரீச்சரிடம், தன்னைக் கட்டச் சம்மதமா என்று கேட்டுவிட்டிருந்தார். ரீச்சர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னவர்தான். மாசிப் பனி மூசிப் பெய்து ஓய்ந்து, பங்குனி வெயிலும் தொடங்கிவிட்டது. உம் என்றும் இல்லை, ஊகூம் என்றும் இல்லை. இதெல்லாம் வெகுகாலம் கழித்து எனக்குத் தெரியவந்தவை. அப்போது தெரிந்தது கனடாக் கதை மட்டும். அங்கே இருந்த ஒரு பெண்ணின் சாதகக் குறிப்பு மாமாவுக்குப் பொருந்தி, பெண் வீட்டார் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழமை போன் எடுப்பினம் தம்பி. நான் என்னத்தைச் சொல்லுறது?" என்று சோறு போடும்போதெல்லாம் அம்மா கேட்பார்.

"பாப்பம் அக்கா."

"பாத்துப் பாத்து உன்ரை தலைமயிரும் கொட்டுண்டு போச்சு."

கடைசித் தாள் அந்த வியாழக்கிழமைதான் வந்தது. முதல் வந்த தாள்களை மாமா நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையில் அவ்வளவு கவனம் என்று நான் நினைத்தேன். இந்தத் தாளை, அவர் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தபோது நானே அவருடைய அறையில் இருந்த ஸ்கானரில் குப்புறப் போட்டு எடுத்துவிட்டு, பழையபடி புத்தகப் பைக்குள் வைத்துவிட்டேன். பெட்டிகளை வெட்டி எழுத்துருவில் சேர்க்கிற வேலையை மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, பரிசோதனைக்காகப் பள்ளிக்கூடத்தின் பெயரைத் தட்டினார். அதில் வரும் ஸ்ரீ மட்டும் வெறும் கட்டமாக வந்தது. உடனே திரையில் கறுப்பு யன்னல் ஒன்றைத் திறந்தார். அதில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. செய்யவேண்டியதை ஒரு வரியாகத் தட்டித்தான் கேட்கவேண்டும்.

"உது என்னத்துக்கு மாமா?"

"கீபோட்டிலை தட்டினால் கேட்ட எழுத்து மட்டும்தான் வரும். இதிலை கேட்டால் உள்ளுக்கை இருக்கிற எல்லாத்தையும் காட்டும், நாங்கள் கேளாததையும்."

ரீச்சரின் எழுத்துகள் எல்லாம் வரிசை வரிசையாகத் திரையில் வந்து நின்றன. எங்கள் கரும்பலகையே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஸ்ரீயும் அங்கேதான் இருந்தது, இடம் மாறிக் கிடந்தது. மாமா அதைத் திருத்தப் போனபோது நான் கடைசிப் பெட்டியைப் பார்த்தேன். அது ௐ என்ற குறிக்கு உரிய பெட்டி. கோயில் வாசலில் இருப்பதுபோல ஓவுக்குள் ம்மை அடக்கி ஒரே எழுத்தாக எழுதவேண்டும். ரீச்சரோ ஓ போட்டு, பக்கத்தில் ம் போட்டு, நாங்கள் கதைக்கும்போது 'ஆம்' என்பதற்குச் சொல்கிற சாதாரண 'ஓம்' என்று எழுதியிருந்தார்.

"மாமா, ரீச்சர் பிழை விட்டிருக்கிறா."

மாமா பார்த்தார். அதைப் பெரிதாக்கினார். திரை முழுக்க அந்த ஓம் மட்டும் நிற்கும்வரை பெரிதாக்கினார். தாள் எங்கே என்று கேட்டு வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அதையும் பார்த்தார். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனாலும் மனுசனுக்கு நம்பிக்கை வரவில்லை.

"உவ பிழை விடுற ஆள் இல்லை," என்றார். சற்றுப் பொறுத்து, "விட்டாலும் விட்டிருப்பா," என்றார். அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மறுநாள் இடைவேளைக்கு மணி அடித்ததும் நான் ரீச்சரின் மேசையடிக்குப் போனேன்.

"ரீச்சர், கடைசிப் பெட்டியிலை பிழை விட்டிட்டியள். அந்த ஓம் அப்பிடி எழுதுறேல்லை."

ரீச்சரின் சிவப்புப் பேனை நின்றது. "மாமா பாத்தவரோ?"

"ஓம் ரீச்சர். பிழையாய்த்தான் எழுதிப்போட்டாவோ எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறார்."

ரீச்சர் குனிந்து, ஏற்கனவே திருத்திய கொப்பியையே திரும்பவும் திருத்தினார். "பிழையில்லை, வேணுமெண்டுதான் எழுதினவவாம் எண்டு சொல்லு பிள்ளை," என்றார். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. நாங்கள் எழுத்துக்கு மேலே ஒரு குற்று வைக்காமல் விட்டாலே சோதனைப் புள்ளியைக் குறைக்கிறவர் அவர்.

வீட்டுக்கு வந்து, மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதை ஒரு சொல் விடாமல் ஒப்புவித்தேன்.

"என்னத்தை எழுதினவ?" என்றார் அம்மா.

"ஓம் எண்டு."

அம்மா அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். "ஆருக்கடா ஓம்?"

"எனக்குத்தான் அக்கா," என்றார் மாமா, சோற்றைப் பார்த்தபடி.

"உதை முந்தியே வாய் திறந்து சொல்லுறதுக்கு உனக்கு என்ன?" என்றார் அம்மா. ஏச்சுத்தான், ஆனால் குரலில் ஏச்சு இல்லை. மாமாவின் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னும் ஓர் அகப்பை சோறு விழுந்தது.

பின்னேரம் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. அம்மா முழு நேரமும் தணிந்த குரலில் கதைத்தார்.

"குறை நினையாதேங்கோ. உங்கடை பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை. பிழை எங்கடை பக்கத்திலைதான்."

எனக்கு விளங்கிவிட்டது. ரீச்சர் விட்ட அந்த ஒற்றைப் பிழை கனடா வரைக்கும் தெரிந்துவிட்டது. அதனால் மாமாவின் பயணமும் போய்விட்டது. முற்றத்துக்கு ஓடினேன். மாமா சைக்கிளைத் துடைத்துக்கொண்டு தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். பாவம், கவலையை எங்களுக்குக் காட்டாமல் மறைக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. பக்கத்தில் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "கவலைப்படாதேங்கோ மாமா, அடுத்தமுறை ரீச்சர் சரியாய் எழுதுவா," என்றேன்.