கசக்காத கஷாயம்

சிட்லபாக்கத்தில் சித்த மருத்துவர் தையல்நாயகியிடம் மருந்து வாங்குகிறவர்களுக்கு அவளுடைய அண்ணன் குப்புராஜைத் தெரியும். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கொரோனாவின் இரண்டாம் அலையில் தங்கை நோயாளிகளை வீடியோ காலில் பார்க்க, இவர் மருந்தைக் கட்டி அனுப்பினார். கபசுரக் குடிநீர்ச் சூரணத்தை ஐந்தைந்து கிராமாக நிறுத்து, கவரின் மேல் பெயர், தேதி, காய்ச்சும் அளவு எல்லாம் எழுதுவார். ‘என் தங்கச்சி டாக்டர்’ என்று சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் விடமாட்டார். தன் கையால் அவள் பெயருக்கு ஒரு பிசகு வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு.

ஒரு காலை பம்மலிலிருந்து செல்வம்மாள் பேசினாள். பக்கத்து வீட்டில் காய்ச்சல் என்று முன்கூட்டியே கஷாயம் குடித்து வந்தவள்.

“இந்த தபா மருந்து கசக்கவே இல்ல சார். வெந்நீ மாரி கீது. மாத்தி கீத்தி கட்டிட்டியா?”

மாற்றிக் கட்டுவதா? குப்புராஜ் சூரண டின்னைத் திறந்து ஒரு சிட்டிகை வாயில் போட்டார். மண்ணைத் தின்றதுபோல் இருந்தது. இன்னொரு சிட்டிகை, அதே மண். முகர்ந்தால் வாசனையும் இல்லை. நிறம் சரியாக இருந்தது, பொடி வந்த மூட்டையில் ஒட்டியிருந்த சீட்டும் சரிதான். பிறகு இது என்ன பொடி? அந்த மூட்டையிலிருந்து இருபத்தாறு வீடுகளுக்குக் கவர் போயிருந்தது. இரண்டு நாளாக உடம்பு வேறு அசதியாக இருந்தது.

தங்கையைக் கூப்பிட்டு, செல்வம்மாள் பேசியதைச் சொல்லி, யாரோ நம்மை ஏமாற்றிவிட்டார்கள் என்றார். அவள் மாஸ்க்கை இறக்கி நாக்கில் கொஞ்சம் தொட்டாள். முகம் கோணிப்போய்த் தண்ணீரைத் தேடினாள்.

“கசக்குதேண்ணா.”

“எனக்குக் கசக்கலையே.”

அவள் அடுக்களையிலிருந்து காபிப்பொடி டப்பாவை எடுத்துவந்து முகரச் சொன்னாள். அவர் டப்பாவுக்குள் மூக்கையே விட்டுப் பார்த்தார். காலி டப்பா என்றுதான் தோன்றியது. அவள் மாஸ்க்கை ஏற்றிக்கொண்டு இரண்டடி பின்னால் போனாள்.

“அப்போ கவர்லாம் சரிதானா?”

“கவர் சரிதான். நீதான் சரியில்ல. உனக்கும் அந்த அம்மாவுக்கும் டெஸ்ட் எடுக்கணும்.”

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று குப்புராஜுக்குப் புரியவில்லை. மருந்து சரி, ஆனால் அத்தனை கவரும் அவர் கைபட்டவை. கவர் வழியாகத் தொற்றுமா என்று டாக்டரிடமே கேட்டார். முதலில் செல்வம்மாளை டெஸ்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, மற்றவர்களுக்கும் பேசிவிடலாம் என்றாள்.

பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பட்டியலைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்தார். விஷயத்தைச் சொல்லி, கவரைத் தொட்டால் கை கழுவச் சொன்னார்; மருந்து கசக்கிறதா என்றும் கேட்டார். ஏழாவதாக எடுத்தவர், ஏரிக்கரைத் தெரு கஸ்தூரிரங்கன், எரிந்து விழுந்தார்.

“கசப்பா? குமட்டுது சார். மனுஷன் குடிப்பானா இத?”

குப்புராஜ் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க சார்,” என்றார்.